மில் சாமான் கடையும்போது எந்த உலோகம் கேட்பது?

நமது சங்க உறுப்பினர்களில் பலர் மளிகைக் கடையோடு மிளகாய், மல்லி, கோதுமை அரைக்கும் மில்லும் வைத்து நடத்தி வருகின்றனர். கம்பெனி சாமான் வரத் தாமதமானால் பக்கத்து லேத் பட்டறையில் கடைந்து மாட்டிக் கொள்கிறோம். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பட்டறைக்காரர் கையில் கிடைத்த இரும்பைப் போடுமுன், இன்ன உலோகம் வேண்டும் என்று நாம் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்டாண்டு, பெல்ட் கவர் போன்றவற்றுக்குச் சாதாரண எம்.எஸ். இரும்பே போதும். அதில் கார்பன் 0.25 சதவீதத்துக்கு உட்பட்டிருக்கும். கடையவும் வெல்டிங் வைக்கவும் எளிது. நாள் முழுதும் பாரத்தோடு சுழலும் ஷாப்டுக்கு ஈ.என்.8 கேட்க வேண்டும். அதில் கார்பன் சுமார் 0.4 சதவீதம், பலம் அதிகம். சந்தேகம் வந்தால் சாணைக் கல்லில் பிடித்துப் பார்க்கலாம். எம்.எஸ். பொறி நீளமாகக் கோடு கோடாகப் போகும். ஈ.என்.8 பொறியோ நுனியில் பூப்பூவாக வெடிக்கும். ரகம் தெரிந்த துண்டு ஒன்றையும் உடன் பிடித்து ஒப்பிட்டால்தான் விளங்கும்.

காயலான் கடை ஆக்சிலைக் கடைந்து போடும் பழக்கம் நமக்குப் பிடிக்கவில்லை. உள்ளே கீறல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. தேய்ந்த ஷாப்டில் வெல்டிங் ஏற்றிக் கடைவதும் அப்படித்தான். ஈ.என்.8-ஐச் சூடாக்காமல் வெல்டிங் வைத்தால் அதன் ஓரத்தில் வெடிப்பு விழும். ஓடுகிற மில்லில் ஷாப்ட் முறிந்தால் பக்கத்தில் நிற்பவர் நம் கடைப் பையன் அல்லவா?

புஷ், ஷாப்டை விட மெதுவான உலோகமாக இருக்க வேண்டும். செம்பும் வெள்ளீயமும் கலந்த கன்மெட்டல் இதற்கு ஏற்றது. காசை மிச்சம் பிடிக்க எம்.எஸ். புஷ் போட்டால், எண்ணெய் வற்றியதும் ஷாப்டைக் கவ்விப் பிடித்துவிடும். தேய வேண்டியது புஷ்தான்; அதை மாற்றும் செலவு ஷாப்டு செலவில் ஒரு பங்குதான். ஆனால் கன்மெட்டலிலும் பித்தளையிலும் ஈயம் கலப்பது உண்டு. ஆகவே மாவு படும் இடத்தில் இவை வேண்டாம்.

மாவு படும் தொட்டி, சல்லடைக்கு 304 ரக எவர்சில்வர் நல்லது. குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் அளவில் உள்ளது. நிக்கல் குறைந்த 202 ரகத்தையே 304 என்று தள்ளுவோர் உண்டு. உப்பும் புளியும் பட்டால் அது விரைவில் துருப் புள்ளி வைக்கும். காந்தம் ஒட்டவில்லை என்று நம்பிவிட வேண்டாம், 202-லும் ஒட்டாது. பாட்டரியோடு வரும் சோதனைத் திரவம் தகடு வியாபாரிகளிடம் இருக்கும்; மாங்கனீசு மிகுந்த 202-ல் ஒரு சொட்டு விட்டால் சிவந்துவிடும். பில்லிலும் 304 என்று எழுதிக் கேளுங்கள். எழுதத் தயங்கும் கடையில் நாம் தகடு எடுப்பதில்லை.