பழைய அலுமினியப் படகுக்குப் புத்துயிர்

ஒஸ்லோ மாநகரின் தென்கிழக்கே, காடும் குன்றும் சூழ அமைந்த குடியிருப்புப் பகுதி மோர்டென்ஸ்ருட். நிலக்கீழ்த் தொடருந்து 1997ஆம் ஆண்டில் இங்கு வந்து சேர்ந்தது; அத்தடத்தின் இறுதி நிலையமும் இதுவே. இங்கிருந்து மேற்கே இறங்கினால் சில கிலோமீற்றர் தொலைவில் புன்னெபியோர்ட் கடற்கரையை அடையலாம். கோடை நாட்களில் வேர்வென்புக்தாவுக்கும் இங்கியெர்ஸ்ட்ரான்டுக்கும் குளிக்கச் செல்லும் எம்மவர் குடும்பங்கள், அங்கே கட்டப்பட்டிருக்கும் சிறு படகுகளைக் காணாமல் திரும்புவதில்லை. குருநகர், பாசையூர், மயிலிட்டி போன்ற கடற்கரை ஊர்களில் பிறந்தவர்களுக்கு அது வெறும் காட்சியன்று.

புதிய படகொன்றை வாங்குவது சாதாரண உழைப்பாளி ஒருவரின் வருவாய்க்கு எளிதானதல்ல. ஆனால், வீட்டுக்குப் பின்புறத்தில் பனிக்கும் மழைக்கும் விடப்பட்டுக் கைவிடப்பட்ட பழைய அலுமினியப் படகுகள் இந்நாட்டில் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றுட் பலவற்றை இரண்டு கோடை மாதங்களில் வீட்டு முற்றத்திலேயே செப்பனிட்டு விடலாம். அதற்குப் பெரும் பணம் தேவையில்லை. அவ்வுலோகத்தின் குணத்தை அறிந்திருத்தலே தேவை.

மரத்திலிருந்து இழைக்கு

படகு கட்டும் பொருள் மாறும்போது புதிய வேலையைக் கற்றுக்கொள்வது எமது கடற்றொழிலாளருக்குப் புதிதன்று. நோர்வேக்கு வந்த முதற்தமிழர் எனப் பலராலும் குறிப்பிடப்படும் குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம், 1956ஆம் ஆண்டில் இந்நாட்டை அடைந்து மீன்பிடித்துறையைக் கற்றவர். அவரது முயற்சியாலும் நோர்வே மக்கள் திரட்டிய நிதியாலும் 1967ஆம் ஆண்டளவில் காரைநகரில் உருவானதே ‘சீநோர்’ நிறுவனம். காரைநகரில் படகுகளும் குருநகரில் வலைகளும் செய்யப்பட்டன. மரத்தையும் கலப்பற்றையும் மட்டுமே அறிந்திருந்த எமது கரைகளில் கண்ணாடியிழைப் படகுகள் பரவியது அக்காலத்திலேதான்.

பின்னர் யுத்தம் வந்தது. கடற்றடைகளும் இடப்பெயர்வும் பல துறைகளைப் பாழாக்கின. 1980களின் பிற்பகுதியில் இங்கு வந்தோருட் பலர் வடக்கே பின்மார்க் மாகாணத்தின் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்து, பின்னர் ஒஸ்லோவுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்கள் மீனைக் கையாண்டனர். படகைக் கையாளும் வாய்ப்புப் பெற்றவர் மிகச் சிலரே. தந்தையின் கை அறிந்த தொழில் பிள்ளையின் கைக்கு வந்து சேராமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அலுமினியத்தின் குணம்

இரும்பு துருப்பிடிக்கும்; மரம் உளுத்துப் போகும். அலுமினியமோ காற்றுப் பட்டவுடன் தன்மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படலமொன்றைத் தானே போர்த்திக் கொள்கிறது. அப்படலமே அதன் கவசம். படகு கட்டப் பயன்படும் தகடு பெரும்பாலும் மக்னீசியம் கலந்த கலப்புலோகமாதலால் உப்பு நீரையும் நெடுங்காலம் தாங்குகிறது. ஆகவே நாற்பது வருடப் பழைய படகின் உடல் உறுதியாக இருப்பது வியப்பன்று.

அத்தகைய படகு பழுதடைவது இரு இடங்களிலேயே. ஒன்று, தகடும் தகடும் பொருந்தும் மூட்டு. மற்றது, அலுமினியம் வேற்று உலோகத்தைத் தொடும் இடம். கடல்நீரில் அலுமினியமும் செம்பும் தொட்டுக்கொண்டிருந்தால் அவ்விரண்டும் ஒரு மின்கலம் போலாகி, அலுமினியமே கரைந்து போகும். வெள்ளைத் தூளும் சிறு குழிகளும் காணப்படும் இடத்தில் அருகே ஒரு பித்தளைத் திருகோ உருக்கு ஆணியோ இருப்பதைக் காணலாம். துருப்பிடிக்காத உருக்குத் திருகுகளைப் பயன்படுத்த நேரிட்டாலும், இடையில் நைலோன் வளையமும் காப்புப் பசையும் வைத்தே பூட்ட வேண்டும். கடலில் நிற்கும் படகுக்கு நாகக் கட்டியொன்றைப் பூட்டி வைப்பது வழக்கம். படகுக்குப் பதிலாக அக்கட்டி கரைந்து தீரும்; தீர்ந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

ஒழுக்கைக் கண்டறிதல்

படகைக் கடலில் இறக்கி ஒழுக்கைத் தேடுவது வீண் வேலை. தரையில் வைத்து, உள்ளே நீரூற்றினால், வெளியே கசியும் ஒவ்வோர் இடமும் தன்னைத் தானே காட்டிக் கொடுக்கும். அவற்றைச் சுண்ணக்கட்டியால் அடையாளமிட வேண்டும். ஆயினும் ஓர் எச்சரிக்கை: 4 மீற்றர் நீளமும் 1.2 மீற்றர் அகலமும் உள்ள அடித்தளத்தில் 10 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் நின்றால் அதன் எடை 480 கிலோவாகும். எனவே அடிப்புறம் முழுவதற்கும் மரக்கட்டைகளால் முட்டுக் கொடுத்து, சிறிது சிறிதாகவே நீரூற்ற வேண்டும்.

இருக்கைகளின் கீழ் அடைக்கப்பட்டிருக்கும் மிதவை நுரையையும் சோதித்தல் அவசியம். பழைய நுரை நீரை உறிஞ்சிக் கனத்திருந்தால், படகு கவிழும் வேளையில் அது மிதக்க உதவாது. அதனை அகற்றி, நீர் புகாத நுரையை இட வேண்டும்.

இருவர் செய்யும் வேலை

தகடுகளைப் பிணைக்கும் தறையாணிகள் தளர்வதே ஒழுக்குக்குப் பெரும்பாலும் காரணம். தளர்ந்த ஆணியை இறுக்க இருவர் வேண்டும். வெளியே ஒருவர் ஆணியின் தலையின்மேல் கனத்த இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க, உள்ளே மற்றவர் அதன் வாலைச் சுத்தியலால் மெல்லத் தட்டுவார். பிடிப்பவர் கை சற்று விலகினாலும் தகடு நெளிந்துவிடும். தட்டுபவரும் பிடிப்பவரும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாமல், ஓசையைக் கொண்டே ஒத்துழைக்க வேண்டிய வேலை இது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் ஓரிரு நாட்களில் இதனைப் பழகிக் கொள்ளும். செவிக்கும் கண்ணுக்கும் காப்பணிவது மாத்திரம் மறக்கலாகாது.

இறுக்கியும் நில்லாத ஆணிகளைத் துளையிட்டு அகற்றி, அலுமினிய ஆணிகளையே பசையுடன் இட வேண்டும். வெடிப்பு ஓடியிருப்பின் அதன் முனையிற் சிறு துளையொன்றை இட்டால் மேலும் பரவாது நிற்கும். ஒட்டுவேலையை மட்டும் தொழில் அறிந்தவரிடம் விட்டுவிடுதல் நன்று. அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும்; ஆனால் உருகுமுன் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிப்பதில்லை. அதன்மேலுள்ள படலமோ 2000 பாகைக்கு மேலேயே உருகும். பழகாத கை தகட்டில் ஓட்டையையே உண்டாக்கும்.

பலகையும் வர்ணமும்

இயந்திரம் பூட்டும் பின்பலகை உளுத்திருந்தால் தயங்காது மாற்றுக. பூஞ்சணத்தைத் தடுக்கச் செம்பு உப்பு ஊட்டிய பலகை கடைகளில் மலிவாகக் கிடைக்கும். அலுமினியத்துக்கு அது நஞ்சு. சாதாரண ஒட்டுப்பலகைக்கு எப்பொக்சி பூசிப் பயன்படுத்துவதே முறை. அதே காரணத்தால், பாசி பிடிக்காதிருக்கப் பூசும் செம்பு வர்ணங்களும் ஆகா. அலுமினியத்துக்கென விற்கப்படுவதையே கேட்டு வாங்க வேண்டும்.

இரும்புக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் இரும்புத் துகள் தகட்டிற் பதிந்து அரிப்புக்கு வழிவகுக்கும். தேய்த்து முடித்ததும் தாமதியாது அடிப்பூச்சைப் பூச வேண்டும். காலந்தாழ்த்தினால் ஒட்சைட்டுப் படலம் தடித்து வர்ணம் உரிந்துவிடும். எப்பொக்சி வகைகளுட் பல 10 பாகைக்குக் கீழே சரிவர இறுகுவதில்லை. ஆதலால் மே இறுதி முதல் ஓகஸ்ட் வரையே இவ்வேலைக்குரிய காலம். பழைய வர்ணத் தூளில் ஈயமோ பிற நச்சுப் பொருளோ இருக்கக் கூடும். முகமூடி அணிந்து, கீழே விரிப்பிட்டுத் தேய்த்து, தூளை நச்சுக் கழிவாக ஒப்படைக்க வேண்டும். கூட்டுக் குடியிருப்பில் வாழ்வோர் முன்னரே நிர்வாகக் குழுவிடம் அனுமதி பெறுவதும், ஞாயிற்றுக்கிழமைகளில் சுத்தியலைக் கீழே வைப்பதும் அயலவருடனான நல்லுறவைக் காக்கும்.

கடலில் இறங்குமுன்

8 மீற்றருக்குக் குறைந்த படகு ஓடும்போது மிதவைச் சட்டை அணிந்திருத்தல் 2015 மே 1 முதல் நோர்வேயிற் கட்டாயமாகும். 1980 சனவரி 1 அன்றோ அதன் பின்னரோ பிறந்தவர்கள் 25 குதிரைவலுவிற்கு மேற்பட்ட இயந்திரமுள்ள படகைச் செலுத்தச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். பொழுதுபோக்காகக் கடலில் தூண்டிலிட இங்கு வாழ்வோர்க்குக் கட்டணமில்லை. நன்னீரில் மீன்பிடி அட்டை தேவை. ஒஸ்லோபியோர்டில் கொட் மீன் பிடிப்பது 2019 யூனில் தடைசெய்யப்பட்டது. உயிருடன் சிக்கினால் உடனே நீரில் விட்டுவிட வேண்டும். மீன்பிடி விதிகள் அடிக்கடி மாறுவதால், புறப்படுமுன் மீன்பிடித் திணைக்களத்தின் அறிவித்தலைப் பார்ப்பது அவசியம்.

ஊரிற் கடலை நன்கு அறிந்தவர்களும் இங்குள்ள நீரின் குளிரை எளிதாக எண்ணலாகாது. வசந்தகாலத்தில் வெயில் அடித்தாலும் நீர் உறைகுளிராகவே இருக்கும். நல்ல நீச்சற்காரனின் கைகால்களும் சில நிமிடங்களில் விறைத்துவிடும்.

இலையுதிர்காலம் வந்ததும் வடிகுழாயைத் திறந்து, படகைக் கவிழ்த்து வைக்க வேண்டும். மூட்டுகளில் தங்கிய நீர் உறைந்து விரிந்தால் கோடை முழுதும் செய்த வேலை வீணாகும்.

எமது பிள்ளைகள் தமிழை வகுப்பறையிற் கற்கின்றனர். ஆனால் அணியம், வங்கு, துடுப்பு, சவள், கலப்பற்று போன்ற சொற்கள் பாடப்புத்தகத்தில் மட்டும் நிலைத்து நில்லா. கையிற் கருவியுடன் தந்தையோ பேரனோ அருகில் நின்று சொன்னாலே நிலைக்கும். தறையாணியை இறுக்க எப்படியும் இருவர் வேண்டும். அந்த இரண்டாமவராகப் பிள்ளையை அழைத்துக் கொள்ளுங்கள்.