பாஸ் வாங்கலாமா, தனி டிக்கெட்டா? பாரிஸை வெச்சு ஒரு கணக்கு

இன்னிக்கு ஒரே ஒரு கேள்விதான். வெளிநாட்டு நகரம் ஒண்ணுக்குப் போறீங்க. ஃப்ளைட், விசா, ரூம் எல்லாம் முடிஞ்சாச்சு. ராத்திரி லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தா ஒரு வெப்சைட் சொல்லுது: ஒரே பாஸ், ஐம்பது இடம், டிக்கெட் வரிசையே கிடையாது. பக்கத்து டேப்ல ஒவ்வொரு மியூசியத்துக்கும் தனித்தனி விலை. எதை வாங்குறது?

"கணக்குப் போட்டுப் பாருங்க"ன்னு எல்லாரும் சொல்லுவாங்க. சரி, போடலாம். ஆனா அந்தக் கணக்குல எந்தெந்த இடத்தைச் சேர்க்கிறோம்ங்கிறதுலதான் மொத்த விஷயமும் இருக்கு. பாஸ் விக்கிறவங்க ஒரு நாளைக்கு அஞ்சு இடம்னு போட்டுக் காட்டுவாங்க. அப்படிப் போட்டா எந்த பாஸும் லாபம்தான். நிஜத்துல ஒரு மனுஷனோட கால் ஒரு நாளைக்கு எத்தனை மியூசியம் தாங்கும்?

பாரிஸை எடுத்துக்கறேன். அங்க இருக்கிற பாரிஸ் மியூசியம் பாஸ் உண்மையிலேயே நல்ல பாஸ், ஏமாத்து வேலை இல்ல. நல்ல பாஸை வெச்சு யோசிச்சாத்தான் கேள்வி தெளிவாகும்.

இது மூணு அளவுல வருது: 48 மணி நேரம், 96 மணி நேரம், 144 மணி நேரம். லூவ்ர், ஓர்சே, வெர்சாய் அரண்மனை, சான்ட் ஷாப்பெல், வெற்றி வளைவு, ஒரான்ஜரி, ரோதான் மியூசியம்னு ஐம்பதுக்கும் மேல இடங்கள் இதுல அடக்கம். ஈஃபிள் டவர் கிடையாது. மண்டை ஓடுகளை அடுக்கி வெச்சிருக்கிற கேடகோம்ஸ் கிடையாது. சேன் நதி படகு கிடையாது, மெட்ரோவும் கிடையாது. நோத்ர தாம் தேவாலயத்துக்கு உள்ள போக எப்படியும் காசு இல்ல. இதைக் கேட்டதுமே பாதிப் பேர் முடிவு பண்ணிடலாம். உங்க பாரிஸ்னா ஈஃபிள் டவர், படகு, மோன்மார்த்ர் தெருக்கள், ஒரு நல்ல பேக்கரி, அதோட லூவ்ர் மட்டும்னா, லூவ்ர் டிக்கெட்டை வாங்கிட்டு நிம்மதியா தூங்குங்க.

மியூசியம் பிடிக்கும்ங்கிறவங்களுக்கு இப்போ கணக்கு. 2024 விலையை எடுத்துக்கறேன். அதுக்கப்புறம் டிக்கெட்டும் ஏறியிருக்கு, பாஸும் ஏறியிருக்கு. நீங்க போடும்போது அன்னிக்கு விலையைப் போட்டுக்கோங்க, முறை இதேதான்.

2024ல 48 மணி நேர பாஸ் 62 யூரோ. லூவ்ர் 22, ஓர்சே ஆன்லைன்ல 16, சான்ட் ஷாப்பெல் 13. மூணும் சேர்ந்தா 51. ரெண்டு நாள்ல இந்த மூணையும் உருப்படியா பார்த்தாலே பெரிய விஷயம். ஆனா தனி டிக்கெட்தான் 11 யூரோ மலிவு. நாலாவதா வெற்றி வளைவைச் சேர்த்தா, அது 16, மொத்தம் 67. இப்போ பாஸ் 5 யூரோ மலிவு. அவ்ளோதான், முழு முடிவும் அந்த நாலாவது இடத்துல தொங்குது.

அதனால கேட்க வேண்டிய கேள்வி "பாஸ் லாபமா"ங்கிறது இல்ல. "பாஸ்னு ஒண்ணு இல்லைன்னாலும் அந்த நாலாவது இடத்துக்கு நான் காசு குடுத்துப் போவேனா?" ஆமான்னா வாங்குங்க. "பாஸ் இருக்கே, அதையும் பார்த்துடலாம்"னா, நீங்க 5 யூரோ மிச்சம் பிடிக்கல, 11 யூரோ அதிகமா செலவு பண்றீங்க. வெற்றி வளைவு நிஜமாவே நல்ல இடம், அது வேற விஷயம். 284 படி ஏறினா ஊர் முழுக்கத் தெரியும். ஈஃபிள் டவர் மேல ஏறினா தெரியாத ஒரே கட்டடமான ஈஃபிள் டவரும் தெரியும்.

வெர்சாய் லிஸ்ட்ல இருந்தா கதை மாறும். 2024ல அரண்மனை டிக்கெட் 21, 96 மணி நேர பாஸ் 77. முதல் மூணோட வெர்சாயும் சேர்ந்தா 72. அஞ்சாவதா சின்னதா ஒண்ணு பார்த்தாலே பாஸ் ஜெயிச்சிடும், அதுக்கு நாலு நாள் அவகாசமும் இருக்கு. ரெண்டு நாள் பாஸைவிட நாலு நாள் பாஸ் 15 யூரோதான் அதிகம்னு பாருங்க. மூச்சு விட்டுப் பார்க்கிறவங்களுக்கு எப்பவும் நீளமான பாஸ்தான் சரி. ஒரு விஷயம், நீரூற்றுக் காட்சி நடக்கிற நாட்கள்ல வெர்சாய் தோட்டத்துக்குத் தனி டிக்கெட், அதை பாஸ் தாங்காது.

லூவ்ர் விலையைக் கொஞ்சம் நின்னு பார்க்கணும். 2023 வரைக்கும் 17 யூரோ. 2024 ஜனவரில 22. 2026 ஜனவரில இருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளிய இருந்து வர்றவங்களுக்கு 32. சென்னையில இருந்து போற நீங்களும், ஜெர்மனியில குடியிருக்கிற உங்க ஃப்ரெண்டும் ஒரே ரூமுக்குள்ள நின்னு ஒரே மோனாலிசாவைப் பார்ப்பீங்க. நீங்க குடுத்தது பத்து யூரோ அதிகம். அந்தப் பணம் கட்டடத்தைப் புதுப்பிக்கத்தான்னு சொல்றாங்க. எனக்கு இது பிடிக்கல. லூவ்ர்ல இருக்கிற நிறையப் பொருள் ஐரோப்பாவுக்கு வெளிய இருந்து வந்தது, அதைப் பார்க்க வெளிய இருந்து வர்றவங்கதான் அதிகம் குடுக்கணுமாம். சரி, அது வேற எபிசோட்.

அந்த ஃப்ரெண்டைப் பத்தி இன்னொரு விஷயம். ஐரோப்பிய ஒன்றியத்துல படிச்சுக்கிட்டு இருக்கீங்க, வயசு 26 ஆகலைன்னா, நீங்க பாஸே வாங்கக் கூடாது. லூவ்ர், ஓர்சே, வெர்சாய், சான்ட் ஷாப்பெல், வெற்றி வளைவு எல்லாமே உங்களுக்கு இலவசம். கையில இந்திய பாஸ்போர்ட் இருந்தாலும் சரி, இலங்கை பாஸ்போர்ட் இருந்தாலும் சரி, அங்க குடியிருக்கிறதுக்கான ரெசிடென்ஸ் பெர்மிட்தான் முக்கியம். அதைக் கையில கொண்டு போங்க. ஆன்லைன்ல நேரம் மட்டும் புக் பண்ணிக்கோங்க. 18 வயசுக்குக் கீழன்னா எந்த நாட்டுப் பிள்ளையா இருந்தாலும் இந்த இடங்கள்ல காசு இல்ல. அக்கா பசங்களைக் கூட்டிட்டுப் போறவங்க அவங்களுக்கும் சேர்த்து பாஸ் எடுத்துடாதீங்க.

அடுத்தது "வரிசை கிடையாது"ங்கிற வாக்குறுதி. டிக்கெட் வாங்குற வரிசைதான் கிடையாது. பையை ஸ்கேன் பண்ற செக்யூரிட்டி வரிசை எல்லாருக்கும் உண்டு. அதைவிட முக்கியம், பாஸ் கையில இருந்தாலும் லூவ்ர், சான்ட் ஷாப்பெல், வெர்சாய், ஒரான்ஜரிக்கு நேரம் முன்பதிவு பண்ணணும். அதுக்குக் காசு இல்ல, ஆனா இடம் தீர்ந்துடும். 2024ல லூவ்ருக்கு வந்தவங்க 87 லட்சம் பேர். ஏர்போர்ட்ல இறங்கி கவுன்ட்டர்ல பாஸ் வாங்கிட்டு, நாளைக்குக் காலையில லூவ்ர்னு பிளான் போட்டீங்கன்னா, அந்த பாஸ் கழுத்துல மாட்டிக்கிற டேக் மட்டும்தான். முதல்ல லூவ்ர் நேரம் கிடைக்குதான்னு பாருங்க, அப்புறம் பாஸ் பத்தி யோசிங்க. அதுக்கும் முன்னாடி விசா. ஸ்டாம்ப் கைக்கு வராம, பணம் திரும்பாத எந்த டிக்கெட்டையும் தொடாதீங்க. லூவ்ர் டிக்கெட் அந்த வகைதான்.

இப்போ எனக்குப் பிடிச்ச பகுதி, மணி நேரம். 48 மணி நேரம்னா முதல் இடத்துல ஸ்கேன் பண்ற நிமிஷத்துல இருந்து 48 மணி நேரம். காலண்டர் நாள் இல்ல. இதைப் புரிஞ்சுக்கிட்டவங்களுக்கு அதே பாஸ் ரெண்டு மடங்கு வேலை செய்யும்.

புதன்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு லூவ்ர்ல ஆரம்பிக்கிறீங்கன்னு வைங்க. புதனும் வெள்ளியும் லூவ்ர் ராத்திரி 9 மணி வரைக்கும் திறந்திருக்கும். கூட்டம் கிளம்பின பிறகு அந்த ஹால்கள்ல நடக்கிறது தனி சுகம். வியாழன் காலையில சான்ட் ஷாப்பெல், முக்கால் மணி நேரம் போதும். 15 பெரிய வண்ணக் கண்ணாடி ஜன்னல், 1,113 காட்சி, வெயில் அடிக்கணும்னு மட்டும் வேண்டிக்கோங்க. மத்தியானம் ஒரான்ஜரி, மோனேவோட அல்லி ஓவியங்கள். சாயங்காலம் ஓர்சே, வியாழக்கிழமை அது ராத்திரி 9.45 வரைக்கும். வெள்ளி காலையில வெற்றி வளைவு, மத்தியானம் ரெண்டுக்கு முன்னாடி உள்ள நுழைஞ்சாப் போதும். மூணு நாளைத் தொட்டுட்டீங்க, ஓடவும் இல்ல.

அதே பாஸை ஞாயிறு மத்தியானம் ஆரம்பிச்சா? திங்கள் ஓர்சேயும் வெர்சாயும் லீவு. செவ்வாய் லூவ்ரும் ஒரான்ஜரியும் லீவு. நீங்க குடுத்த காசுல பாதி பூட்டின கதவுக்கு. பாஸ் வாங்குற பக்கத்துல விலை பெருசா இருக்கும், லீவு நாள் தெரியாது. அதை ஒவ்வொரு மியூசியத்தோட பக்கத்துலயும் போய்ப் பார்க்கணும்.

பாஸ் வாங்கினவங்களுக்கு வர்ற ஒரு வியாதியும் இருக்கு. பஃபேக்குப் போனா தட்டு நிறைய அள்ளிட்டு வருவோமே, காசு குடுத்தாச்சே, விடக் கூடாதுன்னு. வயிறு நிறைஞ்ச பிறகும் குலாப் ஜாமூன் ஒண்ணு. சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கால் வலிக்குது, பசிக்குது, இருந்தாலும் "இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்கு"ன்னு கிளம்புவோம். அந்த நேரத்துக்கு கார் து நோர் ஸ்டேஷன் பக்கத்துல லா ஷாப்பெல் போய், ஈழத் தமிழர் கடையில ஒரு கொத்து ரொட்டி சாப்பிட்டிருக்கலாம். சான்ட் ஷாப்பெல் வேற, லா ஷாப்பெல் வேற, மெட்ரோவுல குழம்பிடாதீங்க.

ஆனா தனி டிக்கெட்டுக்கும் அதே வியாதி வேற உருவத்துல வரும். 32 யூரோ குடுத்து லூவ்ர் உள்ள போனவங்க ரெண்டு மணி நேரத்துல வெளிய வர மாட்டாங்க. காட்சிக்கு இருக்கிறதே 35,000 பொருள். பத்து யுகம் போதாது. தலை சுத்துற வரைக்கும் நடப்பாங்க. பாஸ் கையில இருந்தா சின்னதா ஒரு இடத்துல எட்டிப் பார்த்துட்டு வந்துடலாம், மனசு உறுத்தாது. கிமே மியூசியம்னு ஆசியக் கலைக்கு ஒண்ணு இருக்கு, பாஸ்ல அடக்கம். அங்க சோழர் கால நடராஜர் நிக்கிறார். அவரை மட்டும் அரை மணி நேரம் பார்க்கணும்னு தனியா டிக்கெட் எடுத்துப் போறவங்க கம்மி. பாஸ் இருந்தா போவீங்க. என்னைக் கேட்டா பாஸோட நிஜமான மதிப்பு இந்த மாதிரி குட்டி விசிட்லதான். ஒரு இடத்துக்கு ஒரு தடவைதான் நுழைவுங்கிறதை மட்டும் மறக்காதீங்க. லூவ்ர்ல பாதி இன்னிக்கு, பாதி நாளைக்குன்னு பிரிக்க முடியாது.

மத்த ஊர்களைச் சீக்கிரம் சொல்லிடறேன். லண்டன்ல பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, டேட் மாடர்ன், நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம் எல்லாத்துலயும் நிரந்தரக் காட்சிகள் இலவசம். அதனால லண்டன் பாஸ் கணக்குல டவர் ஆஃப் லண்டன், வெஸ்ட்மின்ஸ்டர் அபே மாதிரி காசு கேட்கிற இடங்களை மட்டும் எண்ணுங்க. ரெண்டுக்கு மேல தேறலைன்னா வேண்டாம். நியூயார்க் சிட்டி பாஸ் அஞ்சு இடம், 9 நாள். மணி ஓடுற டென்ஷன் இல்ல, ஆனா அந்த அஞ்சும் உங்க லிஸ்ட்ல முன்னாடியே இருக்கணும். பாரிஸ்லயே காசில்லாம ஒரு முழு நாள் ஓட்டலாம். பெத்தி பாலே, கார்னவாலே ரெண்டும் நகராட்சி மியூசியம், நிரந்தரக் காட்சிக்கு வருஷம் முழுக்க இலவசம். ஓர்சேயும் ஒரான்ஜரியும் மாசத்தோட முதல் ஞாயிறு இலவசம். அன்னிக்குக் கூட்டம் நம்ம தியாகராய நகர் தீபாவளி மாதிரி இருக்கும், நேரத்தை முன்கூட்டியே புக் பண்ணிட்டுப் போங்க.

உங்க லிஸ்டை இப்பவே ஒரு பேப்பர்ல எழுதுங்க, பாஸ் வெப்சைட்டைத் திறக்காம. நாலாவது இடத்தோட பேரை யோசிக்க வேண்டியிருந்தா, தனி டிக்கெட் எடுங்க.