படிவமும் வடிவமும்

எழுதிப் பார்க்கும் வாழ்க்கை – 7

பிறந்த ஊர், பள்ளிக்கூடம், வேலை, கலியாணம் என்று வரிசையாக எழுதிக்கொண்டு போவதுதான் தன்கதைக்கு இலகுவான வழி என்று கடந்த கிழமை சொன்னேன். வன்னியிலிருந்து எழுதுகிறவர்களுக்கு அந்த வழி பாதியில் அறுந்துவிடும். அறுந்த இடத்தில் என்ன செய்யலாம் என்பதுதான் இந்தக் கிழமைப் பேச்சு.

2008 கடைசிக்கும் 2009 மே மாதத்துக்கும் இடையில், போரின் இறுதி மாதங்களில், என்ன நடந்தது என்று கிளிநொச்சிக்காரர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். திகதி சொல்லமாட்டார், ஊர் சொல்லுவார். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால். பிறகு வட்டுவாகல் பாலம், செட்டிக்குளம் முகாம். "அம்மா எப்ப செத்தவ?" என்றால் "இரணைப்பாலையில இருக்கேக்க" என்று பதில் வரும். அவருக்குக் காலத்தின் பெயரே ஊரின் பெயர்தான்.

அப்படியென்றால் அத்தியாயங்களுக்கும் ஊர்ப்பெயரையே வைத்துவிடலாம். அவற்றின் நீளத்தையும் அந்தப் பயணமே தீர்மானிக்கட்டும். தருமபுரத்துக்குப் போகும்போது லாண்ட்மாஸ்டர் பெட்டியில் கட்டில், அலுமாரி, நெல்மூட்டை, கோழிக்கூடு எல்லாம் ஏறியிருக்கும். அந்த அத்தியாயமும் சாமான் நிறைந்து, சாவகாசமாக, இருபது பக்கம் போகட்டும். விசுவமடு தாண்ட அலுமாரி இல்லை. மாத்தளனுக்கு வர ஒரு தறப்பாளும் இரண்டு பைகளும்தான் மிச்சம். வட்டுவாகல் பாலத்தில் நடக்கும்போது கையில் அடையாள அட்டை மட்டும். அந்த அத்தியாயம் அரைப்பக்கம். நிலம் சுருங்கியதை விளக்கி ஒரு வரிகூட எழுத வேண்டாம், பக்கத்தைப் புரட்டும் விரலுக்கே தெரிந்துவிடும்.

இன்னொரு வழியும் உண்டு, அது ஒவ்வொரு வீட்டிலும் பொலித்தீன் பையில் சுற்றிக் கிடக்கிறது. நிவாரண அட்டை, முகாம் பதிவு, வீட்டுத்திட்ட விண்ணப்பம், மரணச் சான்றிதழ், காணாமற்போனோர் பற்றிய முறைப்பாட்டுப் பிரதி. வன்னிச் சனம் தங்கள் கதையை ஏற்கெனவே பலமுறை சொல்லி முடித்தவர்கள். 2010இல் நல்லிணக்க ஆணைக்குழுவிடம் சொன்னார்கள், காணாமற்போனோர் பற்றி விசாரிக்க 2013இல் நியமிக்கப்பட்ட பரணகம ஆணைக்குழுவிடம் சொன்னார்கள், பிறகு காணாமல் ஆக்கப்பட்டோர் அலுவலகம் வந்தது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடர் போராட்டம் தொடங்கிய தாய்மார், கேட்க வந்த ஊடகக்காரர்களிடமும் அதையே சொன்னார்கள். பெயர், வயது, கடைசியாகக் கண்ட இடம், உடுத்திருந்த உடுப்பு. இத்தனை தரம் சொல்லிச் சொல்லி, பல தாய்மாரின் பேச்சே படிவத்தின் ஒழுங்குக்குப் பழகிவிட்டது. பிள்ளைக்குப் பாகற்காய் பிடிக்காது என்பதைக் கேட்க எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

அந்தப் படிவத்தையே எழுத்தின் வடிவமாக எடுத்துக்கொண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஷோபாசக்தியின் 'கொரில்லா' 2001இல் வந்தது. தன்வாழ்க்கையோடு ஒட்டிய அந்த நாவல், பிரான்சில் அகதித் தஞ்சம் கேட்கும் விண்ணப்பத்தின் மொழியைத் தனக்குள் இழுத்துக்கொண்டது. அடிக்குறிப்புகளையும் கதையாக்கியது. அதிகாரி நம்பவேண்டும் என்று எழுதப்படும் கதைக்கும் நடந்த கதைக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் அதன் களம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் 2011இல் செய்த 'முற்றுப்பெறாத தோம்பு' இன்னும் துணிச்சலானது. தோம்பு என்பது போர்த்துக்கேயர் காலத்தில் வந்து ஒல்லாந்தர் காலத்தில் வேரூன்றிய காணிப்பதிவு. யாருக்கு எவ்வளவு நிலம், என்ன வரி என்று ஆள்பவர்கள் எழுதிவைத்த ஏடு அது. சனாதனன் வீட்டை இழந்த வடபகுதித் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் போய், இழந்த வீட்டின் தளப்படத்தை நினைவிலிருந்து கீறித் தரச் சொன்னார். அவர்கள் கீறியது ஒரு தாள். அதைக் கட்டடக்கலைஞரின் அளவுகோலுக்கு மாற்றியது இன்னொரு தாள். அந்த நினைவைக் கேட்டு ஓவியர் வரைந்தது மூன்றாவது தாள். மூன்றும் அலுவலகக் கோப்பு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக.

மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் விசயம் விளங்குகிறது. கட்டடக்கலைஞரின் கோடு நேராக இருக்கிறது. வீட்டுக்காரரின் கோடு கோணுகிறது, ஓரிடத்தில் பெருக்கிறது, இன்னோரிடத்தில் சிறுக்கிறது. நினைவு எங்கே தங்கியிருக்கிறது என்று அந்தக் கோணல் சொல்கிறது. ஆகவே எழுதுகிறவர்களே, உங்கள் கோணல்களைத் திருத்தி நேராக்காதீர்கள். நேரான கணக்கு வேண்டுமென்றால் அதைப் பக்கத்தில் வைத்துவிடுங்கள், அதற்குத்தான் இரண்டாவது தாள்.

மற்றவர்களின் கதையும் நம் கதைக்குள் வருமே, அவர்களை என்ன செய்வது? வன்னியில் இது வெறும் எழுத்துப் பிரச்சினை அல்ல. ஒரு பெயரை எழுதினால் இன்னும் ஊரில் இருக்கும் ஒருவர் வீட்டு வாசலில் யாராவது வந்து நிற்கக்கூடும். இதற்கு மூன்றுபேர் மூன்று வழி கண்டார்கள். எழுத்தாளர் தமிழ்க்கவி, தான் கடந்துவந்த போரின் கடைசிக்காலத்தை 'ஊழிக்காலம்' என்ற நாவலாக எழுதினார். 2004 முதல் 2008 வரை ஐக்கிய நாடுகள் சபைக்காக வன்னியில் வேலைசெய்த பெஞ்சமின் டிக்ஸ், அந்த ஆண்டு செப்டெம்பரில் ஐ.நா. கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது அதோடு வெளியேறியவர். பலரின் வாக்குமூலங்களைச் சேர்த்து, இராமச்சந்திரன் என்ற ஒரு கற்பனைக் குடும்பத்தை உருவாக்கினார். லிண்ட்சே பொல்லக் வரைய, 2019இல் 'வன்னி' என்ற சித்திரக்கதை வந்தது. பரந்தனில் பிறந்த தமிழினி எதிர்வழியில் போனார். புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர், தன் பெயரிலேயே, 'நான்' என்றே எழுதினார். 2015 ஒக்டோபரில் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு 'ஒரு கூர்வாளின் நிழலில்' வெளிவந்தபோது, எழுந்த கேள்விகளுக்குப் பதில் சொல்ல அவர் இல்லை.

மூன்றும் நேர்மையான வழிகள்தான். ஆனால் எந்த வழியில் போகிறோம் என்பதை முதல் பக்கத்திலேயே வாசகருக்குச் சொல்லிவிட வேண்டும். பெயர் மாற்றினால் மாற்றினேன் என்று சொல்லுங்கள். இரண்டுபேரை ஒருவராக்கினால் அதையும் சொல்லுங்கள். வடிவத்தில் எவ்வளவும் விளையாடலாம், உண்மை என்று சொல்லிப் பொய்யை மட்டும் விற்கக்கூடாது.

இந்தக் கிழமைக்கான பயிற்சி இதுதான். வீட்டிலுள்ள பழைய படிவம் ஒன்றை எடுங்கள். அதன் கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதி, கீழே பதில் எழுதுங்கள். முதல் பதில் அலுவலகம் கேட்டமாதிரி ஒரு வரியில் இருக்கட்டும். இரண்டாவது பதிலை ஒப்பாரியில் நம் பெண்கள் செய்வதுபோல, போனவரையே முன்னால் இருத்தி, "நீ" என்று அழைத்து எழுதுங்கள். பத்துக் கேள்விகள் முடியும்போது ஒரு அத்தியாயம் கையில் இருக்கும். எழுதி முடித்ததும் அசல் படிவத்தை மறுபடி பொலித்தீனில் சுற்றி, பத்திரமாக வைத்துவிடுங்கள். அது இன்னும் தேவைப்படும்.