உங்கள் ஒழுங்கை நகர சபைக்குத் தெரியட்டும்

காணி அனுமதிப்பத்திரம், மீள்குடியேற்றப் பதிவு ஆகியவற்றுக்குப் பிரதேச செயலகம் செல்லுங்கள். ஒழுங்கை, வாய்க்கால், தெருவிளக்கு, குப்பை, மயானம் ஆகியவை சாவகச்சேரி, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை போன்ற நகரங்களில் நகர சபையின் பொறுப்பு.

நீங்கள் இல்லாத காலத்தில் பற்றை மூடிய ஒழுங்கையை யாரும் கேட்காவிட்டால், அது வேலைத்திட்டத்தில் சேராமல் போகலாம். சபை மாதந்தோறும் கூடித் தீர்மானம் எடுக்கிறது. அயலவர்கள் சேர்ந்து கையொப்பமிட்டு, தவிசாளருக்குக் கடிதம் கொடுங்கள். ஒரு பிரதியை வட்டார உறுப்பினரிடம் கொடுங்கள். உங்கள் பிரதியில் திகதியுடன் கையொப்பம் வாங்குங்கள். அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டம் தயாராகும் முன்னரே கொடுப்பது நல்லது.

பதில் வரவில்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ், சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் விண்ணப்பியுங்கள். தகவல் தருவதா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.