தலையில் அடிபட்டவர் மீண்டும் வேலைக்குத் திரும்புதல்

கால் முறிந்தவர் கட்டுப் போட்டுக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருந்தால், ஏன் கழனிக்கு வரவில்லை என்று அவரை எவரும் கேட்பதில்லை. தலையில் அடிபட்டவருடைய நிலை அவ்வாறன்று. தையல் பிரித்ததும் அவர் நலமடைந்துவிட்டார் என்றே ஊரார் கருதுகின்றனர். அவருக்கோ தலைவலி விட்டபாடில்லை. குனிந்து எழுந்தால் தலை சுற்றுகிறது. வெயிலும் இரைச்சலும் பொறுக்கவில்லை. காலையில் சொன்னது மாலையில் மறந்துபோகிறது. சிறு சொல்லுக்கும் சினம் மூளுகிறது. இதனைச் சோம்பல் என்றும் பாசாங்கு என்றும் எண்ணுவது பெருந்தவறாகும்.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையில் இச்செய்தி அனைவரும் அறியத்தக்கது. ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை விளைவித்தும், புளி, பலா, தேன் முதலியவற்றைச் சேகரித்தும் பிழைக்கின்றனர். உயர்ந்த மரமேறுவதும், சரிவில் சுமையோடு இறங்குவதும், வளைந்து செல்லும் மலைப்பாதையில் வண்டியோட்டுவதும் இங்கு அன்றாட வேலைகள். 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த மலைப்பகுதியில், செம்பரை கோயிலுக்குச் சென்ற வேன் பள்ளத்தில் உருண்டு பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

உள்ளே நிகழ்வது என்ன?

மூளை மென்மையானது, மண்டையோட்டினுள் நீர் சூழ அமைந்துள்ளது. தலை வேகமாக மோதும்போதோ குலுங்கும்போதோ மூளையும் உள்ளே அசைந்து அதிர்கிறது. அதன் நுண்ணிய நரம்பிழைகளின் வேலை சில காலம் தடுமாறுகிறது. இதனையே மூளை அதிர்ச்சி என்கிறோம். நினைவு தவறினால்தான் அதிர்ச்சி என்பதில்லை. ஸ்கேன் படத்தில் இரத்தக்கசிவு இல்லையெனில் அது நற்செய்தியே. ஆயினும், படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதனால் நோயாளிக்கு ஒன்றுமில்லை என்று பொருளாகாது. பெரும்பாலோர் சில வாரங்களில் குணமடைகின்றனர். சிலருக்குத் தொல்லைகள் மூன்று மாதத்திற்கு மேலும் நீடிக்கும்.

காலந்தாழ்த்தக் கூடாத குறிகள்

வாந்தி திரும்பத் திரும்ப வருதல், தலைவலி ஏறிக்கொண்டே போதல், எழுப்ப முடியாத மயக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல், கைகால் தளர்தல், கண்மணிகள் ஒன்றுக்கொன்று அளவில் வேறுபடுதல், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீரோ இரத்தமோ வடிதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே 108 வண்டியை அழைத்தல் வேண்டும். முதியோருக்கும், மது அருந்துவோருக்கும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோருக்கும் சில வாரங்கள் கழித்தும் இரத்தக்கசிவு வெளிப்படலாம். சாலை விபத்தாயின், 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின் பயனை மருத்துவமனையில் கேட்டுப் பெறலாம்.

படிப்படியாக வேலை

இருட்டறையில் பல நாள் படுத்திருக்க வேண்டும் என்பது பழைய கருத்து. முதல் ஓரிரு நாள் ஓய்வு போதும். பிறகு மெல்ல மெல்ல நடமாட வேண்டும் என்பதே இன்றைய மருத்துவர் கொள்கை. 2022இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் கூடிய பன்னாட்டு வல்லுநர் மாநாடும், விளையாட்டில் தலையில் அடிபட்டோருக்கு இவ்வழியையே எடுத்துரைத்தது.

நம் மலைவாழ்க்கைக்கு அதனை இவ்வாறு பொருத்திக்கொள்ளலாம். முதலில் வீட்டைச் சுற்றி நடத்தல். அடுத்து, நிழலில் அமர்ந்து புளியில் கொட்டை நீக்குதல், சாமை புடைத்தல் போன்ற வேலை. பின்னர், வெயில் ஏறுமுன் ஓரிரு மணி நேரம் களையெடுத்தல். அதன்பின் அரைநாள் வேலை. இறுதியில் முழுநாள் வேலை. வேலையின்போது தலைவலி சிறிதே கூடி, ஒரு மணி நேரத்திற்குள் தணிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அதற்கு மேல் நீடித்தால் மறுநாள் முந்திய படிக்கே திரும்புதல் வேண்டும்.

மரமேறுதல், கிணற்றோரம் நிற்றல், வண்டியோட்டுதல் ஆகியவற்றைத் தலைசுற்றல் முற்றும் நீங்கி, மருத்துவர் இசைவளித்த பின்னரே மேற்கொள்ள வேண்டும். முதல் அடி ஆறுமுன் மறுபடியும் அடிபட்டால் தீங்கு மிகுதியாகும். மது கூடாது. இரவு நன்கு உறங்க வேண்டும். வலிமாத்திரைகளை நாள்தோறும் தாமே விழுங்கிவந்தால் அவையே தலைவலிக்குக் காரணமாகிவிடக்கூடும். படுக்கையில் புரளும்போது உலகமே சுழல்வதுபோல் தோன்றினால், அது பெரும்பாலும் உட்காதின் கோளாறு. பயிற்சி பெற்றவர் தலையை முறைப்படி திருப்பிச் செய்யும் சிகிச்சையால் அதனைச் சீராக்க இயலும்.

ஊராட்சியின் கடமை

கூலியை நம்பி வாழும் குடும்பத்தில் ஒருவர் ஒரு மாதம் படுத்தால் அடுப்பெரிவது அரிதாகிறது. ஆகவேதான் பலர் குணமாகுமுன் மரமேறிவிடுகின்றனர். இதனைத் தடுப்பது அறிவுரை மட்டுமன்று, மாற்று வேலையே. ஊராட்சிப் பணிகளில் தண்ணீர் கொடுத்தல், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுதல் போன்ற இலகுவான வேலையை அவருக்கு ஒதுக்க உறுப்பினர்கள் முயல வேண்டும். உழவர்கள் கைமாற்றாக ஒருவர் நிலத்தில் ஒருவர் உழைப்பது நமக்குப் புதிதன்று. அடிபட்டவர் நிலத்திற்கும் அவ்வாறே உதவலாம். செல்பேசித் தொடர்பு எட்டாத குக்கிராமங்களில் அவசரத்திற்கு எவர் வண்டி வரும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து வைத்தல் நலம். இருசக்கர வண்டியில் செல்லும் ஒவ்வொருவரும், பின்னால் அமர்பவர் உட்பட, தலைக்கவசம் அணியுமாறு கிராம சபையில் எடுத்துரைக்க வேண்டும்.

ஆறு வாரம் பொறுத்து வேலைக்கு வருபவர் பல்லாண்டு உழைப்பார். ஆறாம் நாளே தள்ளாடிக்கொண்டு மரமேறுபவர் மீண்டும் விழுந்தால், அவர் குடும்பத்தைத் தாங்குவார் யார்? இதனை உணர்ந்து, அடிபட்டவரைப் பழியாது, அவர் மீள்வதற்குரிய காலத்தையும் துணையையும் அளிப்போமாக.