தொலைவுகளைக் கொண்டு இடங்களைக் காணுதல்

நேரான சாலையொன்றில் ஐந்து சுங்கச் சாவடிகள் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வோர் இரு சாவடிகளுக்கும் இடையிலுள்ள தொலைவு கிலோமீட்டரில் அளக்கப்பட்டுள்ளது. எனினும், எத்தொலைவு எவ்விரு சாவடிகளுக்கு உரியது என்னும் குறிப்பு இல்லை. கைக்கு எட்டியவை 1, 2, 4, 5, 5, 6, 7, 8, 10, 12 என்னும் பத்து எண்களே. இவற்றினின்று சாவடிகளின் இடங்களைக் காண இயலுமா?

இது வெறும் விளையாட்டுக் கணக்கன்று. படிகத்தினூடே எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் பெறும் ஒளிச் செறிவுகள், அணுக்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி எத்திசையில் உள்ளன என்பதையே உணர்த்துகின்றன. அவை இருக்கும் இடங்களை நேரே காட்டுவதில்லை. 1934இல் பாட்டர்சன் என்னும் அறிஞர் இதனை விளக்கினார். பிற்காலத்தில், நொதிகளால் துண்டிக்கப்பட்ட டி.என்.ஏ. இழையின் வெட்டிடங்களை அறியும் பணியிலும் இதே வினா எழுந்தது.

விடை காண்பதற்குப் பெரிய எண்ணிலிருந்து தொடங்குதல் வேண்டும். 12 என்பது இரு கோடிச் சாவடிகளுக்கு இடையிலன்றி வேறெங்கும் அமையாது. ஆகவே அவற்றை 0, 12 எனக் குறிக்கலாம். எஞ்சியவற்றுள் பெரியது 10. இது ஏதேனும் ஒரு கோடியிலிருந்தே அளக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஆதலின் மூன்றாம் சாவடி 2இலோ 10இலோ இருக்கும். இவ்விரண்டும் கண்ணாடியில் தோன்றும் பிம்பம் போல ஒன்றுக்கொன்று எதிரானவையே. 2ஐ எடுத்துக்கொண்டு, 10, 2 ஆகிய எண்களை அடித்துவிடுவோம்.

அடுத்த பெரிய எண் 8. சாவடி 4இல் உள்ளதெனக் கொண்டால் 2இலிருந்து அதன் தொலைவு 2 ஆகும். பட்டியலிலிருந்த ஒரே 2 முன்னரே செலவாகிவிட்டது. எனவே அவ்வழியை விடுத்துத் திரும்பி, 8இல் வைத்துப் பார்க்க வேண்டும். இப்பொழுது 8, 6, 4 நீங்கி, 1, 5, 5, 7 எஞ்சுகின்றன. கடைசிச் சாவடியை 5இல் வைத்தால் இல்லாத 3 தோன்றும். 7இல் வைத்தால் நான்கும் பொருந்துகின்றன. விடை: 0, 2, 7, 8, 12. முட்டியவிடத்துத் திரும்பி மாற்றுவழி காணும் இம்முறையைக் கரும்பலகையில் மாணவரைக் கொண்டே செய்வித்தல் எளிது.

ஆயினும் எல்லாத் தொலைவுகளும் அறியப்பட்டால் அமைப்பும் ஒன்றே என்று கொள்ளலாகாது. தொலைவுகள் யாவும் வெவ்வேறாயின் அமைப்பு ஒன்றே எனச் சோபி பிக்கார்டு என்பார் 1939இல் எழுதினார். 1977இல் புளூம் என்பார் அதற்கு மாறான எடுத்துக்காட்டைத் தந்தார்: 0, 1, 4, 10, 12, 17 என்னும் அமைப்பும், 0, 1, 8, 11, 13, 17 என்னும் அமைப்பும் ஒரே பதினைந்து தொலைவுகளைத் தருகின்றன. ஒன்று மற்றொன்றின் பிம்பமும் அன்று. ஐயமுறுவோர் தாமே கூட்டிக் கழித்துப் பார்க்கலாம்; சிறிது பொறுமையே வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் இடர் இன்னும் மிகுதி. ஒரே நீளமுள்ள இரு துண்டுகள் ஒரே பட்டையாகத் தோன்றும். அளவீட்டிலும் சிறு பிழை இருக்கும். ஆதலின் வெட்டிடங்களை ஆராய்வோர் வேறொரு நொதியாலும் இழையைத் துண்டித்து, இரு பட்டியல்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டு.