கடைசிப் பாய்க்கும் தெரியும் படம்

சோளப் பயிரைத் தின்னும் படைப்புழுவை ஏனைய புழுக்களிலிருந்து பிரித்தறிய இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, தலையிலே கவிழ்த்து வைத்த கவண் கிளை போன்ற வெளிர்க் கோடு. மற்றையது, வால் நுனிக்குச் சற்று முன்னுள்ள துண்டத்தில் சதுரமாய் அமைந்த நான்கு கரும்புள்ளிகள். அமெரிக்கக் கண்டத்துக்குரிய இப்புழு 2018இல் இலங்கையில் கண்டறியப்பட்டது. 2019இன் தொடக்கத்தில் அம்பாறை, அநுராதபுரம், மொனராகலை முதலிய மாவட்டங்களில் சோளச் செய்கையைப் பெரிதும் பாதித்தது.

இந்தப் பாடத்தைக் கிராம மண்டபமொன்றில் வீடியோப் படமாகக் காட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். திரையில் புழு தெரிகிறது. ஆனால் நான்கு புள்ளிகளும் ஒன்றோடொன்று கலந்து ஒரே கறையாய்த் தெரிகின்றன. முன்னால் இருக்கும் சிறுவர் கைதட்டுவார்கள். கடைசிப் பாயில் இருக்கும் கமக்காரரோ ஏதோ ஒரு புழுவைப் பார்த்தோம் என்ற நினைப்போடு வீடு திரும்புவார். மறுநாள் வேறொரு புழுவுக்கு மருந்தடித்துக் காசைக் கரைப்பார். மங்கலான படம் மங்கலான அறிவையே தரும். அதன் செலவை ஏழையே சுமப்பார்.

எனவே வீட்டில் செய்த புரொஜெக்டர் ஒன்றின் தரத்தை அளக்க எமக்கு ஓர் எளிய அளவுகோல் வேண்டும். கடைசிப் பாயில் இருப்பவரால் அந்த நான்கு புள்ளிகளையும் எண்ண முடிகிறதா? முடியாவிட்டால் குறை எங்கே என்று ஒழுங்காகத் தேட வேண்டும். பெரிய மின்குமிழ் வாங்குவதே எல்லா நோய்க்கும் மருந்து என்ற எண்ணம் எமது இளைஞரிடையே பரவியிருக்கிறது. பெரும்பாலும் அது பிழையான மருந்து.

ஏன் வீட்டில் செய்ய வேண்டும்?

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் மின்னணுக் கடைகளில் இன்று சிறிய எல்.ஈ.டி. புரொஜெக்டர்கள் தாராளமாய்க் கிடைக்கின்றன. அதே தெருவில், கைவண்டி தள்ளும் நாட்டாமைத் தொழிலாளருக்கு வழிவிட்டு நின்று, 7 அங்குல எல்.சி.டி. பெனல், எல்.ஈ.டி. விளக்கு, சிறு மின்விசிறி என்று உதிரிகளாகவும் வாங்கலாம். ஆயத்தப் பொருள் கிடைக்கும்போது உதிரிகளை ஏன் தேட வேண்டும் என்று கேட்பது நியாயமே. தானே பூட்டியதைத் தானே கழற்றித் திருத்த முடியும் என்பது முதற் பதில். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நிலவியதை நாம் மறக்கவில்லை. பற்றரியில் ஓடவும், வெளியூர் உதிரி வராமலே திருத்தவும் கூடிய கருவிக்கு அத்தகைய நாட்களில்தான் மதிப்புத் தெரியும்.

இந்தியாவில் 2006இல் பெங்களூரிலுள்ள மைக்ரோசொஃப்ட் ஆராய்ச்சிக் கூடத்தின் முயற்சியாகத் தொடங்கிய டிஜிட்டல் கிரீன், கமக்காரரையே படம்பிடித்து அயல் கிராமத்தவருக்குக் காட்டியது. மின்சாரம் இல்லாத ஊர்களில் பற்றரியில் ஓடும் கையடக்கப் புரொஜெக்டர்களைப் பயன்படுத்தியது. படத்தை இடையிடையே நிறுத்திக் கேள்வி கேட்பதே அதன் முறை. நிறுத்திய படம் தெளிவாக இருந்தால்தான் கேள்வி பிறக்கும்.

கருவியின் அமைப்பு

விளக்கு, அதன் ஒளியைச் சமாந்தரமாக்கும் முதலாவது பிரெனெல் வில்லை, பின்விளக்கு கழற்றிய எல்.சி.டி. பெனல், ஒளியை ஒடுக்கும் இரண்டாவது பிரெனெல் வில்லை, இறுதியாகப் படத்தைத் திரைக்கு அனுப்பும் எறிவில்லை. இவ்வைந்தும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். பிரெனெல் வில்லை என்பது வட்ட வட்டமான வரிகள் கொண்ட தட்டையான பிளாஸ்டிக் தகடு. கலங்கரை விளக்குகளுக்காகப் பிரெஞ்சு அறிஞர் ஒகுஸ்தீன் பிரெனெல் 1820களில் உருவாக்கிய முறை இது. பாடசாலைகளில் மூலையில் கிடக்கும் பழைய ஓவர்ஹெட் புரொஜெக்டரிலும் இதைக் காணலாம்.

இனி, குறைகளை ஒவ்வொன்றாய்த் தேடுவோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமற் போகும்.

1. குறை படத்திலா, கருவியிலா?

பெனலின் மெனுவைத் திரையில் வரவழையுங்கள். மெனு எழுத்துகள் கூர்மையாகவும் படம் மட்டும் அலையடித்தும் இருந்தால் குறை வயரிலோ படம் வரும் கருவியிலோ உள்ளது. வில்லையைத் தொட வேண்டாம். மெனுவும் மங்கலாயின் ஒளியமைப்பைப் பார்க்க வேண்டும். வாகனங்களுக்கான பழைய 7 அங்குலப் பெனல்கள் பலவற்றில் குறுக்காக 480, நெடுக்காக 234 புள்ளிகளே உண்டு. 1024க்கு 600 கொண்டவையும் உண்டு. வாங்கும்போதே இதைக் கேட்டறிய வேண்டும். பெனலில் இல்லாத நுணுக்கத்தை எந்த வில்லையாலும் தர முடியாது.

2. தலைகீழும் இடவலமும்

இயேசு சபைக் குருவான அத்தனாசியுஸ் கிர்ச்சர் 1671இல் வெளியிட்ட பதிப்பொன்றில் ‘மாய விளக்கு’ என்னும் ஆதிப் புரொஜெக்டரின் சித்திரம் உண்டு. அதில் வில்லை, விளக்குக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் நடுவே நிற்கிறது. தகட்டிலுள்ள உருவமும் சுவரிலுள்ள உருவமும் நிமிர்ந்தே நிற்கின்றன. அப்படி அமைத்தால் சரியான படம் விழாது. ஒல்லாந்து அறிஞர் கிறிஸ்தியான் ஹைகன்ஸ் 1659 அளவிலேயே இக்கருவியைச் சரியாக அமைத்திருந்தார். பெரிய அறிஞரின் நூற்படத்தையும் ஒருமுறை செய்து பார்த்தே நம்ப வேண்டும் என்பது இதன் பாடம்.

வில்லை படத்தைத் தலைகீழாக்கும். ஆகவே பெனலைத் தலைகீழாகவே பொருத்த வேண்டும். எழுத்துகள் இடவலம் மாறி விழுந்தால் பெனலின் முகத்தை மறுபக்கம் திருப்ப வேண்டும். சில பெனல்களில் மெனுவிலேயே இதை மாற்றலாம்.

3. கூர்மையின்மை

எறிவில்லையின் குவியத்தூரம் 200 மி.மீ. என்று கொள்வோம். படத்தைப் 10 மடங்கு பெருப்பிக்கப் பெனல் வில்லையிலிருந்து 220 மி.மீ. தூரத்திலும் திரை 2.2 மீற்றர் தூரத்திலும் இருக்க வேண்டும். படத்தின் அகலம் ஏறக்குறைய ஒன்றரை மீற்றர். 15 மடங்குக்குத் திரை 3.2 மீற்றருக்குப் போகும். பெனலின் தூரமோ 213 மி.மீ. ஆகும். திரை ஒரு மீற்றர் பின்னே போக, வில்லை அசைவது 7 மி.மீ. மட்டுமே. ஆதலால் வில்லையைப் பசையால் ஒட்டாமல், முன்பின்னாக மெல்ல நகரும் குழாயில் பொருத்த வேண்டும்.

நடு கூர்மையாகவும் ஒரு பக்கம் மட்டும் மங்கலாகவும் இருந்தால் பெனலும் வில்லையும் சமாந்தரமாய் இல்லை. மூலைமட்டத்தால் சரிபாருங்கள். நான்கு மூலைகளும் ஒரேயளவு மங்கினால் அது ஒற்றை உருப்பெருக்கிக் கண்ணாடியின் இயல்பு. எழுத்துகளின் ஓரத்தில் சிவப்பு, நீலக் கீற்றுகள் தெரிவதும் அதனாலேயே. பல கண்ணாடிகள் சேர்ந்த வில்லையை, உதாரணமாகப் பழைய போட்டோகொப்பி இயந்திரத்தின் வில்லையை, பயன்படுத்தினால் இவ்விரண்டும் பெரிதும் குறையும். அது கிடைக்கும்வரை கறுப்பு மட்டையில் வட்டத் துவாரம் வெட்டி வில்லையின் முன் வைக்கலாம். வெளிச்சம் சற்றுக் குறைந்தாலும் கூர்மை கூடும்.

திரையில் வட்ட வட்டமான வரிகள் தெரிந்தால் பிரெனெல் வில்லை பெனலுக்கு மிக அருகில் இருக்கிறது. சில சென்ரிமீற்றர் விலக்குங்கள். படம் மேலே அகன்று கீழே ஒடுங்கிச் சரிவகமாய் விழுந்தால் பெட்டி அண்ணாந்து நிற்கிறது. பெட்டியை நேராக்கி, மேசையை உயர்த்த வேண்டும்.

4. நடுவில் வெளிச்சம், மூலையில் இருட்டு

ஒரு வெள்ளைக் கடதாசியை எறிவில்லையின் வாயில் பிடியுங்கள். விளக்கின் ஒளி அங்கே சிறு பொட்டாகக் குவிய வேண்டும். பொட்டு முழுவதும் வில்லையின் வாய்க்குள் அடங்கினால் ஒழுங்கு சரி. வெளியே வழிந்தால் அந்த ஒளி வீணாகிறது, மூலைகளும் இருளும். விளக்கு முதலாவது பிரெனெல் வில்லையின் குவியத்தில் இருக்கிறதா என்று பார்த்து, சிறிது சிறிதாக நகர்த்துங்கள். ஒளிரும் எல்.ஈ.டி.யை நேரே பார்க்கக் கூடாது. கடதாசியில் விழும் பொட்டைப் பார்த்தாலே போதும்.

5. போதாத வெளிச்சம்

எல்.சி.டி. பெனல், தன்மேல் விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கைக்கூட வெளியே விடுவது அரிது. முனைவாக்கித் தாள் பாதிக்கு மேல் விழுங்கும்; மிஞ்சியதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை நிற வடிகள் விழுங்கும். ஆகவே 100 வாற்று எல்.ஈ.டி. பூட்டினாலும் திரைக்குச் சேர்வது நூறு, நூற்றைம்பது லூமன் அளவாகவே இருக்கும். பெட்டியில் அச்சிட்ட ஆயிரக்கணக்கான லூமன் பெரும்பாலும் விளக்கின் கணக்கு, திரையின் கணக்கல்ல.

செலவில்லாத மருந்து ஒன்று உண்டு. படத்தின் அகலத்தை 2 மீற்றரிலிருந்து 1.4 மீற்றராகக் குறையுங்கள். அதே விளக்கில் வெளிச்சம் இரட்டிப்பாகும். ஒரு சதமும் செலவில்லை. சனத்தைச் சற்று நெருக்கமாய் உட்காரச் சொன்னால் போதும்.

6. வெளிறிய கறுப்பு

புழுவின் புள்ளிகள் கறுப்பாய்த் தெரிய வேண்டுமானால் திரையில் கறுப்பு இருக்க வேண்டும். படத்தின் வெள்ளைப் பகுதியில் 75 லக்ஸும் கறுப்புப் பகுதியில் அரை லக்ஸும் விழுவதாகக் கொண்டால், வெள்ளை கறுப்பைவிட 150 மடங்கு பிரகாசமானது. வாசலில் எரியும் ஒரு விளக்கு திரைமேல் 10 லக்ஸ் சேர்த்துவிட்டால் வெள்ளை 85, கறுப்பு பத்தரை. 150 மடங்கு 8 மடங்காகிவிடும். கருவியில் எந்தக் குறையுமில்லை, குறை வாசலில்தான். யன்னல்களைச் சாக்கால் மறையுங்கள். அறை இருட்டான பின்னும் கறுப்பு வெளிறினால் பெட்டிக்குள் ஒளி சிதறுகிறது. உட்புறத்துக்குப் பளபளப்பற்ற கறுப்புப் பூசி, பெனலைச் சுற்றியுள்ள இடைவெளிகளைக் கறுப்பு மட்டையால் அடையுங்கள். வில்லையின் தூசியையும் துடையுங்கள்.

7. சூடும் கறையும்

அரை மணி ஓடியபின் படத்தின் நடுவில் கருமை படர்ந்தால் உடனே நிறுத்துங்கள். பெனலின் திரவப் பளிங்கு அளவுக்கு மீறிச் சூடாகியுள்ளது. ஆறியபின் கறை மறைந்தால் பெனல் பிழைத்தது. மறையாமல் பழுப்பாய் நின்றால் முனைவாக்கித் தாள் கருகிவிட்டது. பெனலின் இருபுறமும் காற்று ஓடும்படி ஒரு விசிறியும், விளக்கின் உலோகத் தகட்டுக்குத் தனியாக இன்னொன்றும் வேண்டும். இங்கேதான் பெரிய மின்குமிழ் நஞ்சாகிறது. ஒளி ஒழுங்கைத் திருத்தாமல் வாற்றைக் கூட்டினால் கூடுவது பெரும்பாலும் சூடுதான்.

8. துடிப்பு

படத்தில் பட்டைகள் ஓடுவதுபோல் இருந்தால் கைத்தொலைபேசிக் கமராவால் விளக்கைப் பாருங்கள். அங்கும் பட்டைகள் ஓடினால் எல்.ஈ.டி.க்கு மின் வழங்கும் பகுதி தரமற்றது. அதை மாற்ற வேண்டும், பெனலில் குறையில்லை.

பாதுகாப்பும் பற்றரியும்

230 வோல்ற்று வரும் பகுதியை மூடிய பெட்டிக்குள் தனியே வையுங்கள். உலோகப் பெட்டியாயின் நில இணைப்புக் கட்டாயம். ட்ரிப் சுவிச் இல்லாத கட்டடத்தில் பற்றரியே நல்லது. 12 வோல்ற்று, 60 அம்பியர்-மணி வாகனப் பற்றரியைப் பாதிவரை மட்டும் இறக்கினால், எல்லாமாக 130 வாற்று இழுக்கும் கருவி இரண்டரை மணி நேரம் ஓடும். ஒரு படத்துக்கும் அதைப் பற்றிய கலந்துரையாடலுக்கும் அது போதும்.

பங்கு இளைஞர் மன்றங்களும் மாதர் சங்கங்களும் இக்கருவியைச் செய்ய முன்வரும்போது, ஒரு கொப்பியையும் அதனோடு வைக்கட்டும். கண்ட குறை, செய்த மாற்றம், கிடைத்த பயன் மூன்றையும் அன்றன்றே எழுதட்டும். ஒரு கிராமம் கண்டறிந்ததை அடுத்த கிராமம் முதலிலிருந்து தேட வேண்டியதில்லை. படம் காட்டும் நாளில் பொழுது சாயும் முன்பே மண்டபத்துக்குப் போய்க் கருவியைப் பூட்டுங்கள். இருட்டியதும் நான்கு புள்ளிகளைத் திரையில் நிறுத்திவிட்டு, கடைசிப் பாயில் போய் உட்காருங்கள். கண் பார்வை குறைந்த முதியவர் ஒருவரையும் பக்கத்தில் இருத்தி, எத்தனை புள்ளி என்று கேளுங்கள். அவர் நான்கு என்று சொன்ன பிறகு படத்தைத் தொடங்கலாம்.